பள்ளத்தில் யார் முதலில் இறங்குவது

எனக்கு எண்பத்திரண்டு வயது நடக்கிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மீதி இரண்டும் என் கொழுந்தனார் பிள்ளைகள். தாயில்லாமல் போனதால் என்னிடமே வளர்ந்தன. ஆறு பேரில் ஒருவர்கூட என் கையால் சாப்பிட்டு இளைத்ததில்லை. பள்ளிக்கூடம் நான் இரண்டாவது வரைக்கும்தான். எழுத்துக்கூட்டி எழுதுவதால் ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் மூன்றாவது மகன் ஜீப் கிளப்பில் சேர்ந்தான். அவனுக்குப் பீளமேட்டில் லேத்துப் பட்டறை. எங்கோ ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்து, தானே பிரித்து, தானே மாட்டினான். கதவு கிடையாது. மேலே துணிக்கூரை. பத்து மைல் போனால் உடம்பில் எத்தனை எலும்பு என்று தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இதே மாதிரி ஜீப் வைத்திருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து, சேறு எங்கே, பாறை எங்கே என்று தேடிப் போவார்கள். போய் மாட்டிக்கொள்வார்கள். பிறகு ஒருவரை ஒருவர் கயிறு கட்டி வெளியே இழுப்பார்கள். சாயங்காலம் முகமெல்லாம் சேறாக, விருந்துக்குப் போய் வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு வருவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இது பிடிபடவே இல்லை.

"முப்பது வருசமா மனு மேல மனு குடுத்து ஊருக்குத் தார்ரோடு வாங்குனோம். உன்ற பையன் என்னடான்னா, டீசலை ஊத்தி ரோடு இல்லாத எடத்தைத் தேடிப் போறானே!" என்பார். ஏதாவது தப்பு என்றால் பையன் எப்போதும் என் பையன்தான்.

எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. ஆனால் அவர்களைக் குறை மட்டும் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பஸ் போகாத மலையடிவார ஊர்களுக்கு அரிசி, போர்வை, நோட்டுப் புத்தகம் என்று கொண்டுபோய்க் கொடுப்பார்கள். போலியோ சொட்டு மருந்து போடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நர்ஸையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

அப்படி ஒரு ஞாயிறுதான் அது. வால்பாறை ரோட்டில், மலை ஏறுவதற்கு முன்னாலேயே பிரிகிற ஒரு மண் தடத்தில் உள்ளே போனால், காட்டுக்குள் இருபது குடிசை. அங்கே சொட்டு மருந்து போட வேண்டும். கிளப்பில் ஒரு சட்டம் உண்டு: எந்த வண்டியும் ஒற்றை ஆளோடு போகக் கூடாது. ஒருவர் ஓட்ட வேண்டும். மோசமான இடம் வந்தால் இன்னொருவர் இறங்கி முன்னால் நின்று கையைக் காட்ட வேண்டும். ஓட்டுகிறவர் அந்த ஒரு கையைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது. மகனின் கூட்டாளிக்கு அன்றைக்குக் காய்ச்சல். நர்ஸம்மா வண்டியில் வருகிறாள், ஆனால் அவள் மடியில் மருந்துப் பெட்டி. அவளை இறக்க முடியாது.

"நான் வாரேன்" என்றேன்.

"அம்மா, இது கோயிலுக்குப் போற வண்டி இல்ல."

"தெரியுமடா. கோயிலுக்குத்தான் நீ ஒரு நாளும் கூட்டிக்கிட்டுப் போனதில்லையே."

மொத்தம் மூன்று ஜீப். ஒன்று பம்புசெட் கம்பெனிக்காரருடையது. இன்னொன்று நூல் மில்காரருடையது. அந்த இரண்டிலும் கையைக் காட்ட ஆளுக்கொரு வேலையாள், பின்னால் அரிசி மூட்டைகள். பம்புசெட்காரர் பெண்ணை மில்காரர் மகனுக்குக் கட்டி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. சம்பந்திகள். மூன்றாவது எங்கள் வண்டி. கிளப்பிலேயே சின்னவன் என் மகன் என்பதால் வழியெல்லாம் கடைசியாகத்தான் வந்தான்.

நர்ஸம்மா முப்பது வயதுக்காரி, பொள்ளாச்சிப் பக்கம். பெட்டியைப் பச்சைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஐஸ் சரியாக உறையவில்லையாம். வழியில் எனக்கு விளக்கமாகச் சொன்னாள். மருந்து சீசா மேல் ஒரு வட்டம் இருக்கும், வட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சதுரம். சூடு ஏற ஏறச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்து செத்துப்போச்சு, கீழே கொட்ட வேண்டியதுதான்.

"கொட்டிப்போட்டா இன்னிக்கு வேற மருந்து இல்லைங்கம்மா. அந்தக் கொளந்தைங்க அப்படியே நிக்கோணும்" என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் முந்தானையை நனைத்துப் பெட்டி மேல் போட்டேன்.

பதினொரு மணி சுமாருக்கு ஓடை ஒன்று குறுக்கே வந்தது. எங்கள் பக்கத்தில் அதைப் பள்ளம் என்போம். இரண்டு நாளுக்கு முன்னால் பெய்த மழையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கரையில் மூன்று வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இறங்கும் இடத்தில் ஒரு வண்டிக்குத்தான் இடம். இதற்காகவே பிறந்தவர்கள் போல அத்தனை ஞாயிறும் அலைந்தார்களே, இப்போது பாய்ந்து இறங்குவார்கள் என்று நினைத்தேன்.

மில்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் கையைக் கூப்பினார். "சம்பந்தி, நீங்க முன்னால போங்க."

"அதெப்படிங்க? நான் பொண்ணு குடுத்தவன். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நீங்கதான் மொதல்ல எறங்கோணும்."

"சம்பந்தம் பண்ணிப்போட்டா உங்கள விட்டுட்டுப் போயிருவனுங்களா? நீங்க போங்க, நான் பின்னால வாரேன்."

"ஐயோ, ஊருல என்ன பேசுவாங்க!"

ஊர் எங்கே இருந்தது? குரங்குகள்தான் இருந்தன. இருந்தாலும் இருவரும் வண்டியை விட்டு இறங்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்து, மற்றவரைத் திரும்ப வண்டியில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். உட்கார்ந்தவர் மறுபடி இறங்கிவிடுவார். நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, இது பள்ளமுங்களா, பந்தி நடக்கற எடமுங்களா?"

நான் மகனிடம், "நீ போடா" என்றேன்.

"பெரியவங்க நிக்கறாங்க, நான் எப்படிம்மா முந்திக்கிட்டுப் போறது?"

அவனை அப்படி வளர்த்தது நான்தான். யாரைத் திட்டுவது? இறங்கி நேராகச் சம்பந்திகளிடம் போனேன்.

"ஏனுங்க, உங்களுக்கு வயசு எத்தனைங்க?"

ஒருவர் ஐம்பத்திரண்டு என்றார், மற்றவர் ஐம்பத்து மூன்று.

"எனக்கு அம்பத்தஞ்சு. மூத்தவ நான். நான் முன்னால போறனுங்க. உங்க மரியாதையும் கெடாது, மருந்தும் கெடாது."

இரண்டு பேரும் உடனே கையைக் கூப்பி, "நீங்க போங்கம்மா, நீங்கதானுங்க போகோணும்" என்றார்கள். இவ்வளவு நேரம் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் புத்திகெட்டதனம்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். வண்டித் தடம் நேரே போனது, ஆனால் அங்கே தண்ணீர் சத்தமில்லாமல் ஓடியது. அப்படி ஓடினால் அடியில் குழி. பத்தடி மேலே சாணி கிடந்தது. மாடு தினமும் கடக்கிற இடம் அது. குச்சியை ஊன்றினேன், அடியில் கல் கெட்டியாக இருந்தது. கையைக் காட்டினேன். மகன் முன் சக்கரத்துக்கும் கியரைப் போட்டு மெதுவாக வந்தான்.

கரையிலிருந்து மில்காரர், "லெப்ட்ல ஒடிங்க தம்பி!" என்றார். பம்புசெட்காரர், "ரைட்டுங்க, ரைட்டு!" என்றார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சம்பந்திகளுக்குள் விட்டுக்கொடுக்கிற பேச்சே இல்லை.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்று தண்ணீருக்குள் நின்று கத்தினேன். மில் முதலாளியை அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூடினார்கள். ஜீப் ஆடி ஆடி, ஒரு கல்லில் ஏறி, ஒரு கல்லில் இறங்கி, அக்கரை சேர்ந்தது. நர்ஸம்மாவின் கண் கடைசிவரை திறக்கவில்லை. பெட்டி மடியை விட்டு நகரவும் இல்லை.

குடிசைகளுக்குப் போனதும் அவள் பெட்டியைத் திறந்தாள். ஐஸ் முக்கால்வாசி தண்ணீர். சீசாவை எடுத்து என் முன்னால் நீட்டினாள். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து எத்தனையோ உண்டு. அன்றைக்கு அதை நான் வாசித்தேன். சதுரம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. வட்டம் அதைவிட நல்ல கறுப்பு.

"உசுரோட இருக்குதா?" என்றேன்.

"இருக்குதுங்கம்மா" என்றவள் மூக்கை உறிஞ்சினாள்.

பதினெட்டுக் குழந்தைகள். ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பிடித்தது நான். பதினொன்றாவது என் விரலைக் கடித்துவிட்டது, நல்ல பல். ஒருவரையும் விடவில்லை. முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தோம்.

திரும்பி வந்தபோது சம்பந்திகள் இருவரும் இன்னும் இக்கரையிலேயே நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவதாக யார் போவது என்பது முடிவாகவில்லையாம். அரிசி மூட்டைகளைக் குடிசைக்காரர்களே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

சொட்டு மருந்து இரண்டு தவணை. அடுத்த தவணைக்கு முன்னால் நர்ஸம்மா பட்டறைக்கு ஆள் விட்டிருந்தாள்: "அம்மா முன் வண்டியில வந்தாத்தான் நான் பெட்டியத் தூக்குவேன்." என் வீட்டுக்காரர்தான், "உன்ற பையன்" என்று பையனை என் பக்கம் தள்ளிவிட்ட அதே மனுஷன்தான், என் செருப்பைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். போனேன். அந்தப் பதினெட்டும் இரண்டாவது சொட்டையும் குடித்தன.

எழுதி முடிச்சாச்சு. பேத்திக் கண்ணு, இங்க வா. இத மொதல்ல இருந்து ஒருக்கா சத்தமாப் படிச்சுக் காட்டு. சம்பந்திக ரெண்டு பேரையும் ரொம்பத்தான் பேசிப்போட்டனா, இல்ல இன்னும் கொஞ்சம் பேசலாமான்னு கேட்டுப் பார்க்கறேன்.