முளைப்பாரி வீட்டுல என் பேத்தி

...அதனாலதாம்ட்டி சொல்லுதேன், மேலத்தெரு சம்முகத்தாய் ஒண்ணும் மகன்கூடக் கோவிச்சுக்கிட்டுக் கோவில்பட்டிக்குப் போகல. சுவரு கீறிருச்சுன்னு பயந்து வாடகைக்கு வீடு பாத்திருக்கா. ஊர்வாயில அது சண்டையாப் போச்சு. சரி, நீ ஏன் பேச்சி காலையில இருந்து வானத்தையே அண்ணாந்து பாக்க? உக்காரு. உன் வீட்டு வடக்குச் சுவத்துல விரல் நொழையுத மாதிரி வெடிப்பு இருக்குன்னு எனக்கும் தெரியும். உம் புருசன் சிமெண்ட அப்பி வச்சிருக்கானே, அது நிக்காது. கரிசல் மண்ணு இது. கோடையில வாயப் பொளக்கும், மழைக்கு ஊதிக்கிட்டு அஸ்திவாரத்தையே தூக்கும். என் வீடு அப்பிடித்தான் போச்சு. நீ அப்ப இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வரல. நம்ம கோயில் ஆத்தா எனக்குச் செஞ்சதச் சொல்லுதேன், கேளு.

அந்த வருசம் மழையே இல்ல. வெதச்ச உளுந்த எறும்பு தூக்கிட்டுப் போச்சு. ஆட்டுக்குத் தண்ணி காட்டக் குளத்தூர்ப் பக்கம் வரைக்கும் ஓட்டிட்டுப் போனோம். ஆவணியில ஆத்தாளுக்கு முளைப்பாரி எடுத்தோம். குலவை போட்டதுல முன்னால நின்னவ இந்த வீரம்மாதான். தொண்டை கட்டிப்போச்சு எனக்கு. "மழையக் குடு, மழையக் குடு"ன்னு கேட்டேன்.

குடுத்தா பாரு! கார்த்திகையில வந்து கொட்டுச்சு, விடவே இல்ல. எம்மக செல்வி தலப்பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தா. பிள்ள பொறந்து தீட்டுக்கூடக் கழியல. மருமகன் கயத்தாத்துல லாரி ஓட்டுதவரு, ரோடு அடைச்சதுல அங்கனயே மாட்டிக்கிட்டாரு. நான் அடுப்புல வெந்நி வச்சிக்கிட்டு இருக்கேன், தெக்குச் சுவரு மொனங்குச்சு. ஆமாட்டி, மாடு மொனங்குத மாதிரிச் சத்தம். பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தோம். பின்னாலயே சுவரு உக்காந்துருச்சு, வெந்நிப்பானையோட.

ஊர்ல பாதிப்பேரு பள்ளிக்கூடத்துக்குப் போயாச்சு. அங்கனதான் சர்க்கார்ல தங்கச் சொன்னாவ. சோறு வந்துச்சு, கொறை சொல்லப்படாது. ஆனா ஓட்டுக்கூரை, ஊரே உள்ள. எங்களப் பாத்ததும் ஒருத்தி, "ஏ வீரம்மா, கொஞ்சமாக் கேட்டிருக்கப்படாதா?"ன்னா. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். என்ன செய்ய?

அப்புறம் செல்வி பாயை விரிச்சா. யாரும் அந்தப் பக்கம் போன்னு சொல்லல. அவங்கவங்க பாயை மட்டும் தள்ளிப் போட்டுக்கிட்டாவ. பிள்ளபெத்த தீட்டுல்லா. தள்ளித் தள்ளிக் கடைசியில எங்களுக்கு வாச்சது ஒழுகுத மூலை. சேலை நனைஞ்சுது. துணி நனைஞ்சுது. பிள்ளைக்கு உதடு வெளுத்துப் போச்சு. அழுத சத்தம் கொறஞ்சுக்கிட்டே வருது. எனக்கு இருப்புக் கொள்ளல. வாசலுக்கும் மூலைக்கும் நடக்கேன், நடக்கேன். ஓடையில வெள்ளம், ஆசுபத்திரி வண்டி அக்கரையில நிக்கி. நர்சம்மா போன்ல, "தண்ணி வடியட்டும் வந்துருதேன், அதுவரைக்கும் பிள்ளைய நெஞ்சோட அணைச்சு வச்சுக்கோங்க, ஈரம் படப்படாது"ன்னாவ. ஈரம் படாத இடத்துக்கு எங்கன போவேன்?

ஊருக்குள்ள ஒரே ஒரு எடம் உண்டு. நம்ம முளைப்பாரி வீடு. முளைய இருட்டுல வளக்கதுக்குன்னு மேட்டுல கட்டுன தளம்போட்ட ஒத்த ரூம்பு, சன்னல் கெடையாது, சொட்டு ஒழுகாது. ஆனா அதுல முளை போடுத நாள்ல குளிச்சு முழுகுன பொம்பளைங்க மட்டுந்தான் போகலாம். மத்த நாள்ல பூட்டு. சாவி ராக்கம்மா மதினி இடுப்புல. அவ சுத்தம் பாக்கதுல ஈ கூட காலக் கழுவிட்டுத்தான் போகணும். அவளும் நானும் பேச்சு வார்த்தை இல்ல. ஏன்னு கேளு. என் வெள்ளாட்டுக்குட்டி அவ முளைப்பாரிய மொட்டையாத் தின்னுருச்சு. ஊர்வலம் கெளம்புத நேரத்துல! அவகிட்ட எப்பிடிக் கேக்க?

பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னேன். கோயில் இருக்க திசையப் பாத்துக் கையெடுத்தேன். "ஆத்தா, மழையக் கேட்டேன், குடுத்த. கூரையக் கேக்க மறந்துட்டேன். அதுக்குப் பிள்ளையவா எடுத்துக்கிடுவ?"ன்னு கேட்டேன். அம்புட்டுதான் கேட்டேன். அழுகைதான் வந்துச்சு.

கண்ணத் தொடச்சுட்டுப் பாக்கேன், உரச்சாக்க மடிச்சுத் தலைக்குக் கொங்காணியாப் போட்டுக்கிட்டு ஒரு ஆளு சகதியில வருது. ராக்கம்மா. என்னைப் பாக்கல. நேரா உள்ள போயி மூலையப் பாத்தா. பிள்ளையோட காலத் தொட்டா. தொட்டுட்டா பேச்சி! தீட்டுப் பிள்ளைய!

"ஏட்டி செல்வி, எந்திரி"ன்னு சாவிய உருவுனா.

பூசாரி அண்ணாச்சியும் அங்கனதான் இருந்தாவ. பதறிட்டாவ. "ராக்கு, என்ன செய்யுத? தீட்டோட உள்ள போனா அடுத்த வருசம் முளை வராது பாத்துக்கோ"ன்னாவ.

அவ திரும்பி நின்னா. "முளை வளருத வீடுதான அண்ணாச்சி? பிள்ள வளந்தா என்ன செய்யும்? ஆத்தா கேட்டா எம்பேரச் சொல்லுங்க."

போயிப் பாத்தா உள்ள காஞ்சு கெடக்கு. முளைக்கு வச்ச வைக்கோலு மிச்சம். எருவாப் போட்ட ஆட்டுப்புழுக்கைத் தூள் வாசம். அவ வீட்டு அடுப்புக்கு வச்சிருந்த காஞ்ச பருத்திமாரைக் கொண்டாந்து வாசப்படியோரமாத் தீ மூட்டுனா. பிள்ளைய செல்வி நெஞ்சுல சாத்தி, தன் சேலையால சுத்துனா. நான் கதவப் பாக்கேன், பிள்ளையப் பாக்கேன், கதவப் பாக்கேன். பொழுது அடையதுக்குள்ள பிள்ளை வீல்னு ஒரு கத்து கத்துச்சு பாரு, எனக்கு அது குலவையாக் கேட்டுச்சு. ராக்கம்மா அப்பத்தான் என்கிட்ட வாயத் தொறந்தா: "ஆட்ட எங்கன கட்டியிருக்க?"

தண்ணி வடிஞ்சதும் நர்சம்மா வந்து பாத்து, பிள்ளை நல்லாருக்குன்னாவ. ஆனா என் பயம் தீரல. அடுத்த ஆவணி வரைக்கும் உறக்கம் இல்ல. முளை வரலைன்னா ராக்கம்மாளை ஊரு என்ன சொல்லும்? முளை போட்டுக் கதவச் சாத்துனாவ. தெறக்குத அன்னைக்கு விடியுமுன்ன போயி வாசல்ல நின்னேன். தெறந்தா... எம்மாடி! முழங்கை ஒசரம், நெருக்கமா, சாஞ்சு நிக்கி. பூசாரி அண்ணாச்சி செல்விகிட்ட இருந்து பிள்ளைய வாங்கி முளைக்கு நடுவுல உக்கார வச்சாவ. அது ஒரு முளையப் பிடுங்கி வாயில வச்சிருச்சு! ராக்கம்மா என்னைப் பாத்து, "உன் ஆட்டுப் புத்தி பேத்திக்கும் வந்துருச்சு"ன்னா.

அதுல இருந்து மழைக்காலத்துல அந்த வீட்டுக்குப் பூட்டு கெடையாது. யார் வீடு சாஞ்சாலும் அங்கன போகலாம், தீட்டு எதுவும் பாக்கதில்ல. எனக்கு எழுத்து தெரியாது, வாசிக்கத் தெரியாது. ஆனா ஆத்தாகிட்டக் கேக்கத் தெரியும். நான் இப்ப மழையக் கேக்கும்போதே கூரையையும் சேத்துத்தான் கேக்கேன். நீயும் கேளு. நடக்கமாட்டாத மாமியாளை வச்சுக்கிட்டு எங்க போவோம்னு மறுகாத. அவளைக் கட்டிலோட தூக்கிருவோம்.

ஏ, கன்னத்துல பட்டது தூறலா? அய்யய்யோ, நானே பேசிக்கிட்டு இருக்கேன். அந்த வீட்டுக்குன்னு சேத்த பருத்திமாரு வெளிய கெடக்கு, நனைஞ்சா தீப் பத்தாது. எந்திரிட்டி. ஒரு கட்ட நீ பிடி.