இரண்டு சக்கரமும் இடப்பக்கம்

"மிதி கலெர்வோ, மிதி! டாங்கிக்காரன் உன்ன மாதிரி மூச்சு வாங்கிக்கிட்டு நிக்க மாட்டான்!"

பட்டறை முற்றத்தில் சைக்கிளில் வளைந்து வளைந்து போவது நான். கால் ஊனமென்று ராணுவம் கழித்துவிட்ட ஆள். ரஷ்யர்களிடம் பிடித்த பீரங்கியின் பின்னால் உட்கார்ந்து, குறிக்கண்ணாடி வழியாக என்னைத் துரத்துவது எங்கள் பட்டறை மெக்கானிக் தைமி. குழாய் காலிதான். ஆனாலும் முதுகு கூசும்.

இந்தப் பீரங்கியில் குழாயை ஏற்றி இறக்கும் கைச்சக்கரம் வலப்பக்கம், திருப்பும் சக்கரம் இடப்பக்கம். ஆளுக்கொன்றாக இருவர் சுற்ற வேண்டும். நிற்கிற இலக்கென்றால் சரி. கரேலியாப் போர்முனையில் இந்தக் கோடையில் ரஷ்ய டாங்கிகள் ஓடியல்லவா வருகின்றன! இரண்டையும் இடப்பக்கம், ஒரே ஆளின் கைகளுக்குக் கொண்டுவருவது தைமியின் வேலை.

அவள் வாயில் எப்போதும் காய்ந்த ரை தானிய ரொட்டித் துண்டு ஒன்று ஊறிக்கொண்டிருக்கும். "காப்பின்னு ஊத்துறாங்களே, அந்தக் கருகின தண்ணிக்கு இது எவ்வளவோ மேல்." பீரங்கியோடும் பேசுவாள்: "எங்க கைக்கு வந்துட்டல்ல, இனிமே எங்க பேச்சைக் கேளு."

வேலை முடிந்த அன்றே லாரி வந்து நின்றது. பீரங்கி போவது அவள் கணவன் தௌனோவின் அணிக்கு. குறி பார்ப்பவனும் அவனே. மேஸ்திரி பீரங்கியை லாரியின் கொண்டியில் மாட்டச் சொன்னதும் தைமி குறுக்கே நின்றாள்.

"இன்னும் என்னம்மா? டாங்கி உனக்காகக் காத்துக்கிட்டிருக்குமா?"

"என் கைக்கு வருது. என்னோடது பழகின கை. அவருக்கும் வரணுமே?"

என்னை இருக்கையில் தள்ளிவிட்டு சைக்கிளைப் பிடுங்கினாள். "நீ என்னைத் தப்ப விட்டேன்னா மொத்தத்தையும் கழட்டிடுவேன். லாரி நிக்கட்டும்."

"தாயே, நான் அரம் போடுறவன்! குறி பார்க்கத் தெரியாது!"

"அதுக்குத்தான் உன்னை உக்கார வெச்சேன்."

பறந்தாள். விறகுக் குவியலைச் சுற்றினாள், சட்டென்று திரும்பினாள், எதிர்த்திசையில் பாய்ந்தாள். என் கைகள் இரண்டும் தாமாகவே சுழன்றன. குறுக்குக்கோடு அவள் நெற்றியைவிட்டு இம்மியும் நகரவில்லை. ஒன்றும் தெரியாத என்னையே குறிகாரனாக்கிவிட்டாளே!

கடைசியில் நேராக என்னை நோக்கியே வந்து, குழாய் முனையருகே காலூன்றினாள். ஒரு உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் லாரிக்காரனை வரச் சொன்னாள்.