முத்துப்பேட்டையில் ஒரு சாம்பார்

தஞ்சாவூர்க் கோயில்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் நானும் மனைவியும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போனோம். மீனவர் படகிலேயே சுற்றிவிட்டு, அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டால், கொடுக்கிற காசு அந்தக் குடும்பத்துக்கே போகும் என்பது மனைவியின் யோசனை. நல்ல மீன் குழம்பு கிடைக்கும் என்பது என் யோசனை.

படகை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனால், வாழை இலையில் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். எனக்கு எரிச்சலாக வந்தது. கடலோரம் வரை வந்து சாம்பாரா? அடுப்படியிலிருந்து மீன் குழம்பு வாசனை வேறு ஆளைத் தூக்கியது.

"அது யாருக்குங்க?" என்று கேட்டே விட்டேன்.

"எங்களுக்குத்தாங்க," என்றார் படகோட்டியின் மனைவி. "நீங்க கோயிலுக்குப் போயிட்டு வர்றவங்க, கவுச்சி ஆகாதுன்னு நெனச்சோம்."

"நல்லா ஆகும்," என்றேன். வீடே சிரித்தது. அடுத்த நிமிடம் மடவை மீன் குழம்பு இலைக்கு வந்தது. அப்படியொரு குழம்பை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

அப்போதுதான் படகோட்டி சொன்னார்: "எங்க வீட்ல சாம்பார் வைக்கிற பழக்கமே இல்லைங்க. உங்களுக்காகக் காலையிலேருந்து ஃபோனப் பாத்துப் பாத்து வச்சுது."

"சும்மா இருங்க," என்று அவரை அதட்டிய படகோட்டியின் மனைவி, சாம்பார் பாத்திரத்தை மெல்லச் சுவரோரம் நகர்த்தினார்.

நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கினேன். அவர் கரண்டி நிறைய மீன் குழம்பை அள்ளினார். இலையைக் கையால் மறித்துக்கொண்டேன்.

"இதுக்குச் சாம்பார் ஊத்துங்கக்கா."