கமலவேணி வேப்பிலையைப் பிடுங்கிய ஆடி மாதம்

பிள்ளையார்பாளையத்தில் கமலவேணி குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. பட்டு நூல் சுற்றிக்கொண்டே தேவாரம் முணுமுணுக்கிறவள். அவள் கடைத்தெருவில் நின்று ஓர் ஆண்பிள்ளையை 'நீ' என்று பேசியது எழுபத்தொன்றாம் வருஷத்து ஆடியில்தான்.

மகள் காந்தாவுக்குச் சின்ன வயதில் அம்மை வார்த்ததில் கன்னத்தில் பள்ளங்கள். பெண் பார்க்க வந்த ஓரிக்கை ஊர்க்காரர்கள் பதில் சொல்லாமலே போனார்கள். அப்போதுதான் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த கம்பவுண்டர் வேணுகோபால், "சிலிக்கான்னு ஒரு மருந்தும்மா. பம்பாயில சினிமாக்காரங்க போட்டுக்கறாங்க. ஊசியில ஏத்தினா பள்ளம் தானா ரொம்பிக்கும்" என்றான். சீட்டு ஒட்டாத பாட்டிலில் எண்ணெய் மாதிரி ஏதோ இருந்தது. கமலவேணி நம்பி, மகள் கன்னத்தில் ஊசி போட வைத்தாள்.

கன்னம் மழமழவென்றுதான் ஆனது. கொஞ்ச நாளில் சிவந்து, கல்லாய் இறுகி, தொட்டால் கொதித்தது. கமலவேணி ஓடிப்போய் அவனிடம் சொன்னாள். அவன் வந்து பார்க்கக்கூட இல்லை.

"ஆடி மாசமாச்சேம்மா, அம்மா திரும்ப எறங்கியிருக்கா. டாக்டர்கிட்ட போயிடாதீங்க, குத்தமாயிடும். வேப்பிலை கட்டுங்க."

வாசலில் வேப்பிலை ஏறியது. அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது, தாளிக்கக் கூடாது, வெளியே போகக் கூடாது. வீக்கம் காந்தாவின் கண்வரை ஏறியது. கமலவேணி இளநீர் கொடுத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, தாயே குளிர்ந்து போ என்று கும்பிட்டாள்.

ஒருநாள் வேப்பிலையால் தடவும்போது காந்தா முனகினாள். "ஊசி போட்ட எடம் மட்டுந்தாம்மா எரியுது. வேற எங்கியும் ஒரு முத்துகூட இல்ல, பாரேன்."

கமலவேணி பார்த்தாள். உடம்பெல்லாம் விட்டுவிட்டு, அவன் குத்தின இடமாகப் பார்த்தா தாய் வந்து உட்காருவாள்? வாசல் வேப்பிலையைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தாள். மகளை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா கீறிச் சீழ் எடுத்துக் கட்டுப் போட்டார். "கண்ணு தப்பிச்சுது. உள்ள ஊறின எண்ணெயை மொத்தமா எடுக்க வழியில்ல" என்றார்.

திரும்பும்போது மகளோடு வேணுகோபால் கடையில் இறங்கினாள். உள்ளே ஒரு தாயும் பெண்ணும் ஊசிக்காகக் காத்திருந்தார்கள்.

"என் பொண்ணு மூஞ்சியக் கெடுத்தே. அத்த மறைக்க என் தாயப் பொய்சாட்சிக்கு இழுத்தியே, உனக்கு இன்னா துணிச்சல்?"

"மெதுவா பேசும்மா, ஜனங்க இருக்காங்க."

"அவங்க கேக்கத்தான் பேசறேன்."

காந்தா தானே கன்னத்துக் கட்டை விலக்கிக் காட்டினாள். அந்தத் தாய் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாளும் கமலவேணி அந்தக் கடைப்படியில் போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். ஆடி முடிவதற்குள் அவன் கடையைப் பூட்டிக்கொண்டு வாலாஜாபாத் போய்விட்டான். அங்கே எந்தப் பெண் கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ என்று நினைத்தால் அவளுக்கு இன்றும் கோபம் பொங்கும். அது தணியவேண்டும் என்று அவள் சாமியிடம் கேட்டதில்லை.