யாத்கார் எந்த மொழியில் எண்ணினான்

யாத்கார் சிறந்த மேய்ப்பன் என்று நான் சொல்லமாட்டேன். மழை வந்தால் பாறைக்கடியில் ஒதுங்கித் தூங்கிவிடுவான். ஆனால் பிஜார் மலைப்பக்கத்தில் எங்கள் ஊருக்கு வாய்த்தவன் அவன்தான். ஊர் ஆடு முழுவதையும் அவனே மேய்த்தான். வீட்டுக்கு வீடு கோதுமை கொடுத்தோம். தங்கிக்கொள்ளப் பள்ளிவாசலை ஒட்டிய அறை. ஐம்பது வயதில் அவனுக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

எங்கள் வட்டாரத்தில் ஏறக்குறைய எல்லா ஊரும் குர்து ஊர்தான். எல்லையில் இருக்கும் எங்கள் ஊரில் மட்டும் பாதி குர்துகள், பாதி அஜரிகள். குர்துகளான நாங்கள் ஊரைக் கானீபெர்த் என்போம், அஜரிகள் தாஷ்புலாக் என்பார்கள். இரண்டுக்கும் கல் ஊற்று என்றுதான் பொருள். இதில் சண்டை போட ஒன்றுமில்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

வட்டார எல்லையைத் திருத்தப் போகிறார்கள், எங்கள் ஊரில் யார் அதிகம் என்று பார்த்து அந்தப் பக்கம் ஊரைச் சேர்க்க ஒரு அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. குர்துகள் பக்கம் கடைக்கார ஃபைசுல்லா வீடுகளை எண்ணினார். அஜரிகள் பக்கம் டிராக்டர் வைத்திருந்த இமாம்வெர்தி எண்ணினார். சமமாக வந்தது. மிச்சம் யாத்கார். அவன் அப்பன் அஜரி, அம்மா குர்து, இருவரும் மண்ணுக்குள்.

"அப்பன் வழிதான் எங்கயும் கணக்கு" என்றார் இமாம்வெர்தி.

"பால் கொடுத்தது யாரு, உங்க அப்பனா?" என்றார் ஃபைசுல்லா.

மனிதன் எந்த மொழியில் எண்ணுகிறானோ அந்த இனம் என்று யாரோ ஒரு யோசனை சொன்னார்கள். அன்று மாலை பட்டிச் சுவருக்குப் பின்னால் எட்டுப் பத்துப் பேர், பேரன் பேத்தி எடுத்தவர்கள், சாணத்தில் குந்தி ஒட்டுக்கேட்டார்கள். நானும் கூட இருந்ததால்தான் சொல்கிறேன். யாத்கார் செம்மறியைக் குர்து மொழியில் எண்ணினான். வெள்ளாட்டை அஜரியில் எண்ணினான்.

"செம்மறிதானே அதிகம். அப்ப நம்மாளு" என்றார் ஃபைசுல்லா, முழங்காலைத் துடைத்துக்கொண்டே. விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை.

மறுநாள் ஃபைசுல்லா அவன் அறைக்குப் போனார். "ஏம்ப்பா, வெள்ளாட்டையும் நம்ம பாஷையில எண்ணிடேன். இல்லேன்னா எங்க பக்கத்துக் கோதுமை கிடையாது பாத்துக்கோ." அவர் போனதும் இமாம்வெர்தி வந்து செம்மறிக்காக அதையே சொன்னார்.

"ஆடு உங்களுதுதான் அண்ணே. நாக்கு என்னுது இல்லையா?" என்று இமாம்வெர்தியிடம் கேட்டானாம். அவர் சிரித்துவிட்டுப் போனார் என்று யாத்கார் என்னிடம் சொன்னான்.

அதற்குப் பிறகு யாத்கார் வாயைத் திறக்கவில்லை. மனதுக்குள் எண்ணினான். சத்தமாக எண்ணிப் பழகியவனுக்கு அது வரவில்லை. அந்த வாரமே மூன்று செம்மறிகள் ஓடையில் விடுபட்டுப் போயின. காலையில் போய்ப் பார்த்தால் ஓநாய் குடலை இழுத்துப் போட்டிருந்தது. ஈ மொய்த்த அந்த நாற்றத்தைச் சுற்றி ஊரே நின்றது.

"உங்காளு பண்ண வேலையைப் பாரும்" என்றார் ஃபைசுல்லா.

"எங்காளா? நேத்து வரைக்கும் உம்ம மாமன் மகன்தானே?" என்றார் இமாம்வெர்தி.

யாத்கார் நடுவில் நின்றான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாலைக்குள் இரண்டு பக்கமும் கோதுமையை நிறுத்தின. அறையில் வைக்கோல் போடவேண்டும், காலி செய் என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மூட்டையோடு, பிஜாருக்குச் சரக்கு வண்டி ஓட்டும் ரஹ்மானின் வண்டியில் ஏறினான். அதற்குள் அதிகாரி வியாழக்கிழமை வருகிறார் என்று தெரிந்துவிட்டது. ஃபைசுல்லா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். இமாம்வெர்தி ஒரு போர்வையைக் கொண்டுவந்தார்.

"வியாழன் வரைக்கும் இரு தம்பி. அப்புறம் எங்க வேணா போ" என்றார்கள் இருவரும்.

யாத்கார் இரண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். குளிரும் பசியும் இருந்திருக்கும். "போலாம் ரஹ்மான்" என்று சொன்னான் போலிருக்கிறது, வண்டி நகர்ந்தது. அதை எந்த மொழியில் சொன்னான் என்பது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

ரஹ்மான் பிஜாரிலிருந்து திரும்பியபோது இருவரும் கடை வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

"வழியில என்ன பாஷை பேசினான்?" என்று கேட்டார் இமாம்வெர்தி.

"எதுவும் பேசல. தூங்கிட்டே வந்தான்."

ஃபைசுல்லா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "தூக்கத்துல ஏதாவது உளறினானா?"