பூட்டக்கா போர்த்திய கை

பூட்டக்கா என்ற பெயர் வீட்டின் மூத்த மகளின் காதில் முதன்முதலில் விழுந்தது, அவள் அம்மா கண்மூடி மவுத்தான காலையில்தான். "குளிப்பாட்ட பூட்டக்காவைக் கூப்பிடுங்க. வாய்க்குப் பூட்டுப் போட்டவ" என்றாள் அப்பாவின் தங்கை. அத்தையின் வாய்க்குப் பூட்டும் கிடையாது, கதவும் கிடையாது.

வந்தவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். புருஷன் போனபின் ஒற்றைக்கட்டை. கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் ஊற்ற மூத்தவளை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அம்மாவின் மய்யித்தின் மேல் ஒரு விரிப்பு. கையில் துணி சுற்றி, விரிப்புக்கு அடியில் பார்க்காமலே கழுவினாள். தோள் பக்கம் விரிப்பு நழுவியது. மேல்கையில் பச்சை குத்திய ஒரு பெயர், அப்பாவுடையது அல்ல. பூட்டக்காவின் கை சற்று நின்றது. பிறகு இழுத்துப் போர்த்தினாள்.

நின்றதே, அந்தக் கை! மூத்தவளுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அம்மா முழுக்கைச் சட்டைக்குள் காலமெல்லாம் காத்த மானம் இப்போது ஒரு வேற்று மனுஷியின் வாயில். தெருவில் இரண்டு பேர் சிரித்தால் நம்மைத்தான் என்று தோன்றியது. "உங்கம்மா அழுத்தக்காரி" என்று அத்தை சொன்னால், எதையோ தெரிந்துகொண்டு குத்துகிறாள் என்று தோன்றியது. சலவைக்கூடத்துச் சன்னலில் எட்டிப் பார்த்தாள். பூட்டக்கா குனிந்து ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். போதாதா?

பூட்டக்காவை வீட்டுக்கு வரச்சொல்லி அடுப்படியில் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை பேருகிட்ட சொன்னீங்க?"

"எதைம்மா?"

"நடிக்காதீங்க. அம்மா கையில இருந்த பேரை!"

பின்னால் அத்தையின் குரல். "என்னா பேரு?"

பூட்டக்கா போர்த்தியதை மூத்தவளே உருவிப் போட்டுவிட்டாள்.

பூட்டக்கா அசையவில்லை. "மாமி, நாளைக்கு உங்களையும் நான்தான் கழுவணும். வெளியில என்ன சொல்லணும், என்ன சொல்லக்கூடாதுன்னு இப்பவே சொல்லி வைக்கிறீங்களா?"

அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

"அப்ப அன்னைக்கு ஏன் கை நின்னுச்சு?" மூத்தவள் விடவில்லை.

"குறையை மறைக்கிற ஆண்டவனே, என் கண்ணையும் மறைச்சிடுன்னு துஆ கேட்டேன். கேக்க நேரம் வேணாமா?"

அந்தச் சலவைக்கூடச் சிரிப்பு? கேட்க நாக்கு நுனிவரை வந்தது. மூத்தவள் விழுங்கிக்கொண்டாள்.

பூட்டக்கா இப்போதும் அதே சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறாள். மய்யித்து வீட்டிலிருந்து ஆள் வந்தால், தண்ணீர் ஊற்ற மூத்தவளையும் கூட்டிக்கொண்டு போகிறாள்.