காற்று மூலை

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு ஏன் பந்தைக் கூடைக்குள் போட வரவில்லை என்பதைக் கண்டுபிடித்தே தீருவதென்று, இரண்டாம் வருடப் படிப்பு விடுமுறையில் முடிவெடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஓடிப்போய்ப் பதில் தேடுவது என் பிறவி வியாதி.

தடுப்பதில் நாங்கள் சோடை போனதில்லை. விழுந்து புரண்டு ஓடுவோம். எங்களில் முட்டி தேயாதவள் ஒருத்தி கிடையாது. ஆனால் பந்து எங்கள் கைக்கு வந்ததும் எல்லாம் குழம்பிவிடும். எல்லோரும் வலப்பக்கம் கூடுவார்கள். வலப்பக்கமே பாஸ், வலப்பக்கமே முட்டல் மோதல். கடைசியில் ஒருத்தி, வேறு வழியில்லாமல், நாலு கைகளுக்கு நடுவிலிருந்து வானத்தைப் பார்த்து எறிவாள். நான் இடது மூலையில் கையை உயர்த்தியபடி நிற்பேன்.

வெளியூரில், உள்ளரங்கில் நடந்த போட்டியில் தோற்றுத் திரும்பியதும் பி.டி. மிஸ் தன் போனில் எடுத்த வீடியோவை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மற்ற நாலு பேரும் பார்த்தார்களா தெரியாது. விடுதியில் என் அறைக்காரிகள் ஊருக்குப் போயிருந்தார்கள். அடுத்த போட்டிக்காக நான் மட்டும் தங்கியிருந்தேன். மூன்று வெறும் கட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து மத்தியானம் முழுக்க அதைப் பார்த்தேன். நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டி. வெள்ளைத்தாளில் கோர்ட்டை வரைந்து ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு கோடு போட்டேன். தாளின் வலப்பக்கம் கோழி கிளறிய குப்பை மாதிரி ஆகிவிட்டது. இடது மூலைக்கு மூன்று கோடுகள். அதிலும் ஒன்று யாருக்கோ எறிந்து கை தவறி வந்தது.

அதைவிட என்னைத் தடுக்க வேண்டிய பெண்தான் மனதைக் குடைந்தாள். நீலச் சட்டை, ஏழாம் எண். முதலில் என்னை ஒட்டியே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஓர் எட்டு விலகினாள். பிறகு இரண்டு. இரண்டாம் பாதியில் என் பக்கம் திரும்பவே இல்லை. நடுவே போய் எங்கள் கேப்டனை இரண்டாவது ஆளாக மறித்துக்கொண்டிருந்தாள். எங்களில் நாலு பேருக்கு அவர்களில் ஐந்து பேர். அவ்வளவுதான் விஷயம்! விடை கிடைத்த வேகத்தில் கட்டிலிலிருந்து குதித்து எழுந்தேன். சொல்வதற்கு ஆள் இல்லை. மறுபடி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அந்த விடையின் மறுபக்கம் உறைத்தது. அவர்கள் எனக்குப் பந்து தரவில்லை.

நான் கல்லூரி இருந்த ஊர்க்காரி இல்லை. சாயர்புரம் தாண்டிப் பனங்காட்டுப் பக்கம். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. மற்ற நாலு பேரும் கடற்கரைத் தெருக்காரர்கள். ஒரே கோயில், ஒரே பள்ளிக்கூடம். ஒருத்தியின் சித்தி இன்னொருத்திக்கு அத்தை. எங்கள் கல்லூரி கோர்ட்டில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தபோதே விளையாடி வந்தவர்கள். ஒருத்தி புருவத்தைத் தூக்கினால் மற்றவள் ஓடத் தொடங்கியிருப்பாள். ஆறு மணிக்கு மாதா கோயிலில் திருந்தாதி ஜெப மணி அடித்ததும் நின்ற இடத்தில் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அதோடு பயிற்சி முடிந்தது. இரண்டு ஸ்கூட்டரில் நாலு பேரும் ஏறிப் போவார்கள். கேட்டைத் தாண்டியும் பேச்சுக் கேட்கும். எனக்கு விடுதி கோர்ட்டுக்கு எதிரிலேயே இருந்தது. அறுபத்திரண்டு எட்டு. எண்ணியிருக்கிறேன்.

சேர்ந்த முதல் நாள் கேப்டன் இடது மூலையைக் காட்டி, "நீ அங்கன நில்லு" என்றாள். நான் அதை ஒரு பொறுப்பு என்று நினைத்தேன். மூலையில் நிற்பவள் எப்படி நகர வேண்டும், எப்போது வெட்டி உள்ளே ஓட வேண்டும் என்று அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களாகப் பார்த்துத் தள்ளினேன். அடுத்த வருடம் புதிதாக யாரும் சேரவில்லை. ஒன்றரை வருடம் அதே மூலையில் நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு போனேன். என்ன சொல்வதென்று மூன்று முறை எழுதிப் பார்த்திருந்தேன்.

கேப்டன் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்தாள்.

"என்னதுளா இது? கோலமா?"

"நம்ம பாஸ்க்கா. ஒரு கோடு ஒரு பாஸ்."

ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் வருபவள், எங்களில் ஆகக் குள்ளமானவள், எக்கிப் பார்த்தாள். "படிப்பு லீவுல இவ படிச்ச லெச்சணத்தப் பாருளா!"

"இந்த மூலைக்கு மூணே மூணுதான் வந்திருக்கு," என்றேன். எழுதி வைத்தது எல்லாம் மறந்துவிட்டது. "நான் சும்மாதான நின்னேன். என்னய யாரும் மறிக்கக்கூட இல்ல. நீங்க ஒருத்தரும் தரல."

"நாங்க வேணும்னு ஒனக்குத் தரலன்னு சொல்லுத," என்றாள் கேப்டன்.

"தாள் சொல்லுதுக்கா."

"தாள் சொல்லுதாம்!" என்று குள்ளமானவள் கையைத் தட்டினாள். "அந்தத் தாளையே டீம்ல சேத்துக்கிடுவோம். இவள மாதிரி மூக்கச் சிந்தாது."

நான் மூக்கைச் சிந்தவில்லை. ஆனால் சிந்தும் நிலைமைதான்.

கேப்டன் சிரிக்கவில்லை. தாளை நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தாள். கோர்ட்டைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"ஏட்டி, இது காத்து மூலைல்லா," என்றாள்.

எங்கள் கோர்ட்டில் ஒரு பக்கத்து ரிங் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் எப்போதும் கடல் பக்கத்து ரிங்கில்தான் பயிற்சி. அந்த போர்டுக்குப் பின்னால் விடுதிக் கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து. கடலிலிருந்து வரும் காற்று அந்தச் சந்து வழியாகப் புகுந்து இடது மூலையில் வந்து கொட்டும். அங்கே நின்றால் பின்னல் பறக்கும். உதட்டில் உப்புக் கரிக்கும். அங்கிருந்து எறிந்த பந்து ரிங்குக்குப் போகாமல் கோர்ட்டின் நடுவுக்குத் திரும்பிவிடும். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

"அங்கன போட்ட பந்து என்னைக்கு உள்ள விழுந்திருக்கு? எங்க அப்பா காத்தப் பாத்துதான் வலயவே எறக்கும். நான் பாக்காம பந்தக் குடுப்பனா?" என்றாள் கேப்டன். "நானும் கொஞ்ச நாள் அங்கன நின்னவதான். இவளும் நின்னா. புதுசா வாரவ நிப்பா, அடுத்தவ வந்ததும் மாறுவா. ஒனக்கப்புறம் ஒருத்தியும் வரல. நான் என்ன செய்ய?"

ஒன்றரை வருடமாக நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்த காரணங்கள் பல. ஊர், சாமி, சாதி, என் பேச்சு, என் டிபன் பாக்ஸ். அவை எதுவும் இல்லாமல், ஒரு சந்தும் காற்றும்தான் காரணம். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ஏனோ கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. வெறுக்கப்பட்டவள் என்றாலாவது ஓர் ஆளாகக் கணக்கில் இருந்திருப்பேன்.

"அங்க காத்து இல்லயேக்கா," என்றேன்.

"எங்கன?"

"மேட்ச் நடந்த இடத்துல. மேல கூரை. நாலு பக்கமும் சுவரு."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குள்ளமானவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏளா, ஆமா. ஃபேன்கூட ஓடலளா!"

சிரிப்பு அடங்க நேரமானது. இல்லாத காற்றுக்குப் பயந்து ஒரு முழு ஆட்டத்தை வலப்பக்கமே ஆடித் தோற்றிருந்தோம். ஒரு ஆட்டமா? போன வருடத்து உள்ளரங்க ஆட்டம் எல்லாமே அப்படித்தான். கேப்டன் தாளை மடித்துத் தன் பையில் வைத்தாள்.

"அடுத்த மேட்ச்ல ஒனக்குப் பந்து வரும். வாங்கிட்டு எங்கிட்டயே திருப்பித் தராத. போடணும், என்ன?"

பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் காலையும் மாலையும் நான் மூலையில் நின்று எறிந்தேன். காலையில் பந்து பொறுக்கித் தரவும் ஆள் கிடையாது. எறிந்துவிட்டு நானே ஓடுவேன். முதலில் எல்லாம் கோர்ட்டின் நடுவுக்கே போயின. நாலாம் நாள் சூட்சுமம் பிடிபட்டது. ரிங்கைப் பார்த்து எறியக் கூடாது. இடப்பக்கம் தள்ளி, போர்டின் முதுகைப் பார்த்து எறிய வேண்டும். காற்று அதை வளைத்துக் கொண்டுவந்து உள்ளே போடும். அந்த வளைவு இருக்கிறதே, பார்க்கப் பார்க்க அலுக்காது. எட்டாம் நாள் சாயங்காலம் வரிசையாக நாலு விழுந்தன. குள்ளமானவள் ஸ்கூட்டரில் ஏறியவள் இறங்கி வந்து, "ஏளா, காத்தயே வேலைக்கு வச்சுட்டாளே!" என்றாள். அன்றைக்கு அறுபத்திரண்டு எட்டையும் ஓடியே கடந்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. கண்டுபிடித்தவள் நான். தாள் போட்டுக் காட்டியவள் நான்.

போட்டி காலை பத்து மணிக்கு. அதே மாதிரி உள்ளரங்கம், தகரக் கூரை, காற்று எட்டிப் பார்க்காத புழுக்கம். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என்னைத் தடுக்க வந்தவள் எப்போதும் போல நடுவுக்கு நகர்ந்தாள். கேப்டன் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பந்து வந்தது. நெஞ்சுக்கு நேராக, சூடாக. நான் எறிந்தேன். நல்ல எறி. பத்து நாள் பழகிய எறி. அது போர்டின் முதுகுக்குப் பின்னால் நேராகப் போய், அங்கே உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்த ஒருவரின் மடியில் விழுந்தது.

அரங்கம் முழுக்கச் சிரித்தது. காற்று இல்லை, காற்று இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தடவையும் பந்து வந்தது. கை கேட்கவில்லை. மறுபடி போர்டின் முதுகு. சமோசாக்காரர் இந்த முறை தயாராக எழுந்து நின்று பிடித்தார்.

அவ்வளவுதான், இனி வராது என்று நினைத்தேன். நானாக இருந்தால் தந்திருக்க மாட்டேன். என்னைத் தடுக்க வந்தவள் மொத்தமாக என்னைக் கைவிட்டு நடுவுக்குப் போய்விட்டாள். கடைசி நிமிடம். கேப்டனை மூன்று பேர் மறித்திருந்தார்கள். வலப்பக்கம் குள்ளமானவள் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். கேப்டன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"காத்து இல்லளா! நீதான சொன்ன!" என்று கத்திக்கொண்டே பந்தை எனக்கு எறிந்தாள்.

ரிங்கைப் பார்த்தேன். ரிங்கை மட்டும் பார்த்து எறிந்தேன். பந்து ரிங்கின் விளிம்பில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள். தோற்றோம்.

திரும்பி வரும் வேனில் வழி முழுக்க நான்தான் பேச்சு.

"ஏளா, இவ கூடைக்குப் போட்டாளா, ஹார்பர்ல நிக்க கப்பலுக்குப் போட்டாளா?"

"சமோசாக்காரருக்கு ஒரு ஜெர்சி குடுக்கணும். இவ பந்த அவருதான் பிடிச்சாரு."

"காத்து இல்லன்னு சொன்னவளே காத்துக்குப் போட்டிருக்கா பாரு," என்று கேப்டன் என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தேன். அந்த வேன் ஊருக்கு வராமல் இன்னும் நாலு ஊர் சுற்றினால் தேவலை என்று இருந்தது.

கோயில் தெரு முனையில் வேன் நின்றது. நாலு பேரும் ஒரே இடத்தில் இறங்கினார்கள். பையைத் தூக்கி, கதவைச் சாத்தி, பேசிக்கொண்டே போனார்கள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு எங்கனம்மா?"

"காலேஜ் ஹாஸ்டல், அண்ணாச்சி."

பின்னால் எல்லா சீட்டும் காலியாக இருந்தது. நான் எழுந்து முன்னால் போய் உட்காரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தேன்.

நாலு பேரும் மூன்றாம் வருடம். அது அவர்களுடைய கடைசிப் போட்டி. கேப்டன் இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். குள்ளமானவள் சென்னையில். வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. அதில் கடைசியாகக் கிடப்பது அந்தப் போட்டியைப் பி.டி. மிஸ் எடுத்துப் போட்ட வீடியோ. அதன் கீழே சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக. அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. நானும் ஒன்றிரண்டு முறை தட்டச்சு செய்து அழித்திருக்கிறேன்.

அடுத்து வந்த ஜூனில் முதல் வருடப் பெண்கள் நாலு பேர் அணிக்கு வந்தார்கள். கடல் பக்கத்து ரிங்குக்குக் கீழே நின்று, எங்கே நிற்க வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்தார்கள். மூன்று பேருக்கு இடம் காட்டினேன். நாலாவது பெண் எல்லோரையும்விட ஒல்லி. விடுதியில் என் வராந்தாவில் கடைசி அறை. அவளுக்கு இடது மூலையைக் காட்டக் கை எழும்பியது. என் கைதான், ஆனால் யாருடையதோ போல இருந்தது. இறக்கிவிட்டேன். அவளைப் பந்தோடு நடுவில் நிற்கச் சொல்லிவிட்டு நானே மூலைக்குப் போனேன்.

பின்னல் பறந்தது. நான் கையை உயர்த்தினேன். அந்தப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். என் தலைமுடி பறப்பதையும் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லித் தராமலே, வலப்பக்கம் எறிந்தாள்.